ஒரகடம் சாலையில் ஒரு நாள்

தென்மாவட்டங்களிலிருந்து இரவு ரயிலில் வருவோர் பொழுது புலரும் வேளையில் செங்கற்பட்டு நிலையத்தில் இறங்கினால், தண்டவாளத்தை ஒட்டி விரிந்து கிடக்கும் கொளவாய் ஏரியைக் காணலாம். அங்கிருந்து பெருஞ்சாலையில் வடக்கே சென்று, குடைவரைக் கோவிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள்கோவிலில் மேற்கே திரும்பினால், ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடையும் சாலை தொடங்குகிறது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே சென்ற நாட்டுப்புறச் சாலை. இன்றோ தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாமுள்ள பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு இச்சாலையை நம்பி எரிகிறது.

சென்ற தை மாதத்தில் நாம் இச்சாலையில் ஒருநாள் முழுவதும் சுற்றித் திரிந்தோம். நம்முடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் நம் பங்கைச் சேர்ந்த பனைத் தொழிலாளி; மற்றவர் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்ற அவருடைய மூத்த மகன். கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து மகனுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. பத்து நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். அதே வேளையில், ஊரிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லேத்துப் பட்டறையின் முதலாளியும், "பையனை என்னிடம் அனுப்புங்கள், மாதம் 12,000 ரூபாய் தருகிறேன், தொழிலையும் கற்றுத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தார். எதை ஏற்பது? வீட்டில் நோயுற்ற தாய், படிக்கும் தங்கை, ஒழுகும் ஓட்டுக்கூரை. "காகிதத்தைப் படித்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரிகிறது, ஐயா. இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோமே" என்றார் தந்தை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை நமது நினைவுக்கு வந்தது. உடனே புறப்பட்டோம்.

வயல் ஆலையான கதை

திருப்பெரும்புதூர் பழம்பெருமை வாய்ந்த ஊர். வைணவப் பெரியாரான இராமானுசர் 1017-ஆம் ஆண்டு பிறந்த தலம். 1991 மே 21-ஆம் நாள் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி உயிர்நீத்த இடமும் இதுவே. நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது. ஆயினும் இன்று இவ்வூரின் பெயரைச் சொன்னால் இளைஞர் உள்ளத்தில் எழுவது தொழிற்சாலையின் உருவம்தான்.

நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் கார்களை வெளியிடத் தொடங்கியது. ஒரு கார் தொழிற்சாலை வந்தால் அதற்குக் கண்ணாடி, இருக்கை, விளக்கு, கம்பிவடம் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் பலவும் அதைச் சுற்றி எழும். சென்னைத் துறைமுகம் அண்மையிலிருப்பதும், சிப்காட் நிறுவனம் நிலத்தையும் சாலையையும் ஆயத்தப்படுத்திக் கொடுத்ததும், பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் படித்த இளைஞர் தமிழகமெங்கும் நிறைந்திருப்பதும் ஏனைய காரணங்கள். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பேருந்தின் சன்னல் வழியே நாம் கண்டதெல்லாம் நீண்ட மதிற்சுவர்களும், அவற்றினிடையே எஞ்சி நின்ற ஏரிக்கரைகளுமே.

காலை ஷிப்டுக்குச் செல்வோரைச் சுமந்த கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் ஒரு நிறுவனத்தின் பெயர். எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை, காலில் கனத்த காலணி. இருபதைத் தாண்டியவர்களே பெரும்பாலோர். பெண்களும் ஏராளமாயிருந்தனர். பிறந்த ஊரில் தனியே கடைத்தெருவுக்கும் போயிராத பெண்கள், இங்கே தம் உழைப்பால் ஈட்டிய பணத்தில் தம்பியைப் படிக்க வைக்கின்றனர். இது சிறிய மாற்றமன்று. ஆலைகள் தந்த நன்மைகளைக் கணக்கெடுக்கும்போது இதை விட்டுவிடுதல் நீதியாகாது.

காகிதத்திலுள்ளதும் கைக்கு வருவதும்

ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து வேலை உத்தரவை மீண்டும் விரித்தோம். ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் என்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. மாதத்திற்கு 25,000 என்று தந்தையார் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஊரில் உறவினரும் அதையே பேசினர். ஆனால் இத்தொகை தொழிலாளியின் கைக்கு வருவதன்று. அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. இதைச் சி.டி.சி. என்பார்கள்.

பின்னிணைப்பைப் படித்தபோது கணக்கு விளங்கியது. நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு 1,500, இ.எஸ்.ஐ. பங்கு ஏறத்தாழ 680, பணிக்கொடைக்காக ஒதுக்குவது 600, கேண்டீனுக்கும் பேருந்துக்குமாக 1,220. ஆக 4,000 ரூபாய் இதில் அடங்கியிருக்கிறது. எஞ்சிய 21,000-லிருந்து தொழிலாளியின் பி.எஃப். பங்கு 1,500-ம் இ.எஸ்.ஐ. பங்கு ஏறத்தாழ 160-ம் கழியும். கைக்கு வருவது 19,300 அளவில் நிற்கும்.

அடுத்து, செலவுக் கணக்கு. அறை வாடகையில் பங்கு 3,000. ஆலையில் உண்ணாத வேளைகளின் உணவுக்கு 3,500. தொலைபேசி, சோப்பு, துணி ஆகியவற்றுக்கு 1,000. ஊருக்குப் போய்வரும் செலவை மாதக் கணக்கில் பகிர்ந்தால் 800. ஆக 8,300 போக, வீட்டிற்கு அனுப்பக் கூடியது 11,000 ரூபாய். பட்டறையில் கிடைக்கும் 12,000-இல் பேருந்துக்கு 1,000 போனாலும் மீதி அதே 11,000! தந்தையார் திகைத்துப் போனார்.

ஆனால் கணக்கை இத்துடன் மூடிவிடலாகாது. வீட்டில் உண்ணும் சோற்றுக்கும் விலையுண்டு. அதற்கு 2,000 வைத்தால் பட்டறையில் மீதி 9,000-தான். மேலும், ஆலையில் இரு பங்குமாகச் சேர்ந்து மாதந்தோறும் 3,000 ரூபாய் பி.எஃப். கணக்கிலும் அதனோடு இணைந்த ஓய்வூதிய நிதியிலுமாகச் சேருகிறது, பட்டறையில் அது இல்லை. எல்லாவற்றிலும் மேலானது இ.எஸ்.ஐ. அதன் மருத்துவ உதவி தொழிலாளிக்கு மட்டுமன்று, அவரைச் சார்ந்து வாழும், வருமானம் குறைந்த பெற்றோருக்கும் உரியது. திருநெல்வேலியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மாதந்தோறும் மருந்துக் கடையில் கடன் சொல்லும் குடும்பத்திற்கு இதன் மதிப்பு சம்பள உயர்வினும் பெரிது. தடித்த எழுத்திலிருந்த தொகையை மட்டும் பார்த்தவர் கண்ணில், பின்னிணைப்பில் சிற்றெழுத்தில் கிடந்த இந்த நன்மை படவேயில்லை.

பாய்க்கும் ஷிப்டு உண்டு

நண்பகலில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகளாக இப்பகுதியில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியைச் சந்தித்தோம். நம் பங்கினர் ஒருவருக்கு உறவினர். இராப்பணி முடித்து உறங்கி எழுந்திருந்தார். தம் அறைக்கே அழைத்துச் சென்றார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஐவர். சுவரில் கயிறு கட்டித் துணிகள். மூலையில் ஒரு மின் அடுப்பு. சன்னல் திட்டில் வேளாங்கண்ணி மாதா படமும் முருகன் படமும் அருகருகே.

"அண்ணாச்சி, இங்கே பாய்க்கும் ஷிப்டு உண்டு. நான் எழுந்தா இன்னொருத்தர் படுப்பாரு" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"அண்ணே, நைட் ஷிப்டு பழகிருமா?" என்று கேட்டார் நம் இளைஞர்.

"உடம்பு பழகிரும், தம்பி. பகல் தூக்கம்தான் பழக மாட்டேங்கு."

ஆலையைப் பற்றி அவர் குறை மட்டும் சொல்லவில்லை. சம்பளம் ஒருநாளும் தவறியதில்லை, உணவு சுத்தமானது, கையுறையும் காலணியும் இன்றி இயந்திரத்தருகே விடமாட்டார்கள், ஒரு பொருளை மயிரிழை பிசகாமல் செய்யும் ஒழுங்கு அங்கேதான் தமக்கு வந்தது என்றார். ஆயினும் முதல் மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று அதே நான்கு போல்ட்டுகளை முடுக்கியதையும் சொன்னார். "பட்டறையிலே ஒரு சாமானை முழுசாச் செய்யப் படிக்கலாம், தம்பி. இங்கே ஒரு சாமானிலே ஒரு துண்டுதான் நமக்கு. வேற மிஷினுக்கு மாத்திக் கேளு, கேட்டுக்கிட்டே இரு. பிரஸ் மிஷின்ல நிறுத்தினா அவசரப்படாதே. அது விரலைக் கேட்கும்."

"இவ்வளவு காலம் ஆகிவிட்டதே; ஊர்ப்பக்கம் வேலை பார்க்கலாம் என்று தோன்றவில்லையா?" என்று நாம் வினவினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின் சொன்னார்: "வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாசமே எங்கப்பா என் சம்பளத்தைக் காட்டி வீட்டுக்குக் கடன் வாங்கிட்டாரு, ஐயா. அப்புறம் தங்கச்சி கல்யாணம். ஓவர்டைம் வேண்டாம்னு சொல்ல முடியலே. காய்ச்சலோட போயிருக்கேன். பக்கத்து ஊர்ல நல்ல வேலை வந்துச்சு. மூணு மாசம் சம்பளம் குறைச்சல். தவணை நிற்குமேன்னு விட்டுட்டேன்."

அவ்வுரையைக் கேட்ட தந்தையார் தலை குனிந்தார். மகனின் வேலை உத்தரவைக் காட்டிக் கூரையை மாற்றக் கடன் வாங்குவது பற்றி, புறப்படுவதற்கு முதல் நாள்தான் அவர் நம்மிடம் பேசியிருந்தார்.

நின்றுபோன ஆலைகள்

மாலையில் திருப்பெரும்புதூர் சிப்காட் பக்கம் சென்றோம். 2006-இல் இங்கே தொடங்கிய நோக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலை நாடெங்கும் புகழ் பெற்றிருந்தது. பல்லாயிரம் பேர் அங்கே வேலை செய்தனர். வரி வழக்கும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. நாம் காலையில் திரும்பிய சந்திப்புக்குச் சற்று வடக்கே, மறைமலைநகரில், ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை விடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் தன் ஆலையை நிறுத்தியது. 2024-இல் ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்கும் எண்ணத்தை அறிவித்தது உண்மையே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தவணை காத்திருக்குமா? பெரிய நிறுவனம் என்றால் நிலையான வேலை என்று நம் பெற்றோர் எண்ணுவது அரசுப் பணியை அளந்த கோலால் ஆலைப் பணியை அளப்பதாகும். ஆலையின் தொடர்ச்சி, கடல் கடந்த ஓர் அலுவலகத்தின் முடிவிலும் அடங்கியிருக்கிறது.

தங்குமிடமும் சிறு விஷயமன்று. 2021 டிசம்பரில் இப்பகுதி விடுதி ஒன்றில் கெட்ட உணவால் பெண் தொழிலாளர் பலர் நோயுற்றனர். உடன் பணிபுரிவோர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அப்பெண்கள் வாய் திறந்திராவிடில் அவர்களுடைய துயரத்தை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

திருச்சபையின் படிப்பினை

உழைப்பைப் பற்றித் திருச்சபை மௌனமாயிருந்ததில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளி சிக்கனமாகக் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் பெறவேண்டும் என்றும், ஞாயிறு ஓய்வு அவருக்கு உரியது என்றும், சங்கம் அமைத்தல் மனிதரின் இயற்கை உரிமை என்றும் போதித்தது. 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 2-ஆம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய சுற்றுமடலின் கருப்பொருள், வேலை மனிதனுக்காகவே உள்ளது என்பது. 2025-இல் பொறுப்பேற்ற இன்றைய திருத்தந்தை லியோ, தொழிலாளர் பிரச்சினையை அன்று எடுத்துரைத்த அந்தச் சிங்கராயரை எண்ணியே தாமும் அப்பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறினார்.

இவை ஏட்டளவில் நிற்கும் போதனைகளல்ல. இதே சாலைத் தொடரிலுள்ள சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளுள் முதன்மையானது தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதே. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்ட முன்வரைவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எங்கும் எதிர்ப்பு எழுந்ததால் திரும்பப் பெறப்படுவதாக மே முதல் நாளன்று அறிவிக்கப்பட்டது. உழைப்பவரின் நேரம் அவர் குடும்பத்திற்கும் இறைவனுக்கும் உரியது என்பதை நாம் மறந்தால் வேறு யார் நினைவில் வைப்பார்?

கேட்க வேண்டிய கேள்விகள்

நாம் நாடிச் சென்ற தொழிற்சாலையின் வாசல் அலுவலகத்தில், இளைஞர் தாமே பேசுவது நலம் என்று ஒதுங்கி நின்றோம். அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்த கேள்விகளை, வாசகக் குடும்பங்களின் பயன் கருதி இங்கே தருகிறோம்.

உத்தரவைத் தருவது நிறுவனமா, காண்ட்ராக்டரா? தாளின் தலைப்பில் ஒரு பெயர், கையொப்பத்தில் வேறு பெயர் என்றால் நின்று விசாரிக்க வேண்டும். வேலை எவ்வகையானது: அப்ரண்டிஸா, பயிற்சித் தொழிலாளியா, குறித்த காலத்திற்கா? 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ்ச் சேர்வோருக்கு உதவித்தொகை உண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை. தாயின் மருத்துவத்தை நம்பிச் செல்பவருக்கு இந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. பயிற்சி முடிந்தபின் நிரந்தரம் உண்டா? வார விடுமுறை எந்நாள்? மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இடையில் விலகினால் பணம் கட்டவேண்டும் என்று பிணைப் பத்திரம் உண்டா? இவற்றோடு நாமும் ஒன்று சேர்க்கிறோம்: வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகருக்கு ஒரு காசும் கொடாதீர்கள்.

அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே விடையளித்தார். உத்தரவு நிறுவனத்தினுடையது, இரண்டாண்டுப் பயிற்சித் தொழிலாளி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதல் நாளிலிருந்தே உண்டு; சான்றிதழ்களின் நகல் போதும்; பிணைப் பத்திரம் இல்லை. ஆனால் நிரந்தரம் என்பது தேர்ச்சியையும் நிறுவனத்தின் தேவையையும் பொறுத்தது. அதற்கு உறுதி எழுதித் தர இயலாது. வார விடுமுறை சுழற்சியில் வரும். எல்லா ஞாயிறும் கிடைக்காது.

இந்தக் கடைசி விடை இளைஞரின் முகத்தை வாடச் செய்தது. ஊரில் ஞாயிறுதோறும் சிறுவருக்கு மறைக்கல்வி கற்பிப்பவர் அவர். அருகிலிருந்த பங்கு ஆலயத்தில் குருவானவரைக் கண்டு விசாரித்தோம். ஷிப்டில் வேலை செய்வோர் பலர் தம் ஆலயத்திற்கு வருவதையும், ஞாயிறு வேலையிருந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குபெறலாம் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். "வந்த முதல் வாரமே என்னை வந்து பார், தம்பி. ஆறு மாதம் கழித்து வருகிறவர்கள் பெரும்பாலும் வருவதே இல்லை" என்றார். பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பும் பெற்றோரும் பங்குத்தந்தையரும் இச்சொல்லைக் கருத்தில் கொள்வார்களாக. ஊர்ப் பங்கிலிருந்து ஒரு கடிதம் முன்னதாகச் சென்றால், புது ஊரில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்துவிடும்.

திரும்பும் வழியில், செங்கற்பட்டு நிலைய மேடையில், தந்தையாரே பேச்சைத் தொடங்கினார். "நீ போ. போய்ப் பாரு. அம்மா மருந்துக்கு ஒரு வழி கிடைக்கும். கூரை இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்கும்; ஓட்டை மாத்திப் போட்டுக்கிடுதேன். உன் பேரைச் சொல்லி ரெண்டு வருசத்துக்கு நான் யார்கிட்டயும் கடன் கேக்க மாட்டேன். சரிப்படலைன்னா வந்துரு. பட்டறைக்காரர்கிட்ட நான் இப்பவே சொல்லி வைக்கேன்."

மகன் பதில் சொல்லவில்லை; தந்தையின் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். வேலையை ஏற்கலாமா, கூடாதா என்று ஆராய்ந்த நமக்கு, அதனினும் பெரிய வினாவுக்கு அப்போது விடை கிடைத்தது. இந்த வேலை நல்லதா, தீயதா என்பதை ஓராண்டு அதில் நின்ற பிறகே அவர் அறிவார்; அப்போது "போதும்" என்று சொல்லும் உரிமையை அவரிடமிருந்து முன்கூட்டியே பறித்துவிடாதிருப்பது பெற்றோரின் கடமை. அபாயமான இயந்திரத்தின் முன் மறுத்து நிற்கவும், காய்ச்சலில் விடுப்பு எடுக்கவும், சங்கத்தில் சேரவும், சேமித்த சிறு தொகையும் கடனற்ற வீடுமே ஓர் இளைஞருக்குத் துணிவு தரும்.

இளைஞர் மாசி மாதத்தில் வேலையில் சேர்ந்தார். முதல் சம்பளத்தில் 10,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். தாயின் பெயர் இ.எஸ்.ஐ. அட்டையில் ஏறிவிட்டது. கூரை இன்னும் மாற்றப்படவில்லை. நாசரேத்தூரில் தச்சுத் தொழிலால் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், ஒரகடம் சாலையில் ஷிப்டு மாறி நிற்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் காப்பாராக.